மாரியில் ஓடியவர்கள்
சப்பாத்துத் தொழிலாளி ஆதர் லிடியார்ட்டின் கதை

காலையில் வேலைக்குப் போகும்போது பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தால், பூங்காவுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் ஆண்களும் பெண்களும் மெதுவாக ஓடிக்கொண்டு போவதைக் காணலாம். வயது போனவர்களும் ஓடுவார்கள். நாங்கள் இந்த நாடுகளுக்கு வந்த புதிதில், ஒருத்தரும் துரத்தாமல் இவையள் ஏன் ஓடுகினம் என்று பகிடி பண்ணினவர்களும் உண்டு. இப்போது எங்கட ஆக்களிலும் பலர் டொக்டர் சொல்லியோ சொல்லாமலோ ஓடத் தொடங்கிவிட்டார்கள். இந்த மெது ஓட்டத்தை உலகத்துக்குப் பழக்கியவர்களில் முக்கியமான ஒருவர் ஆதர் லிடியார்ட். நியூசிலாந்து நாட்டவர். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒரு பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு விஞ்ஞானம் படிக்காதவர். ஆனால் அவர் பழக்கிய பெடியள் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள்.

அவர் சொன்ன விசயம் மிகச் சாதாரணமானது. கோடையில் நடக்கும் பந்தயத்தை மாரியிலேயே வெல்ல வேண்டும் என்பதுதான் அது. போட்டி ஒன்றும் இல்லாத காலத்தில், ஒருத்தரும் பாராத றோட்டுகளில் என்ன செய்தோமோ அதுதான் போட்டி நாளில் கைகொடுக்கும் என்று அவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் தன் உடம்பை வைத்தே அதை நிரூபித்தும் காட்டினார். அந்த மனிதரின் கதையை எங்கட பிள்ளையளும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சப்பாத்தும் பாலும்

ஆதர் லிடியார்ட் 1917 ஆம் ஆண்டு ஆடி மாதம் 6 ஆம் திகதி நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரத்தில் பிறந்தார். அவர் வளர்ந்த காலம் உலகம் முழுவதும் பொருளாதாரம் படுத்திருந்த காலம். வசதியான வாழ்க்கை அவருக்குக் கிடைக்கவில்லை. சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். பிறகு மனைவி, பிள்ளைகள் என்று குடும்பம் பெருகிய காலத்தில் அந்தச் சம்பளம் காணாமல் வீடு வீடாகப் பால் போடும் வேலையையும் எடுத்தார். ஊர் நித்திரை கொள்ளும் நேரத்தில் பால், விடிந்தால் தொழிற்சாலை. இரண்டு வேலை செய்து குடும்பம் பார்ப்பது என்றால் என்னவென்று எங்களுக்கு ஒருத்தரும் விளக்கத் தேவையில்லை.

இளமையில் அவர் றக்பி விளையாடினார். நியூசிலாந்தில் றக்பி என்றால் எங்கட ஊரில் உதைபந்தாட்டம் மாதிரி. கிழமைக்கு ஒரு விளையாட்டு, இடையில் கொஞ்சம் பயிற்சி. தான் நல்ல உடற்கட்டோடு இருப்பதாகத்தான் அவரும் நினைத்துக்கொண்டு இருந்தார்.

இருபதுகளின் கடைசியில் அவருக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஜாக் டோலன் என்ற ஓட்டக்காரர் ஒருநாள் அவரை 5 மைல் ஓட வரச் சொல்லிக் கூப்பிட்டார். டோலன் லிடியார்ட்டைவிட வயதில் மூத்தவர். ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே லிடியார்ட்டுக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி மூச்சு வாங்கியது. கால்கள் கனத்துவிட்டன. பக்கத்தில் ஓடிய டோலனோ சாதாரணமாகக் கதைத்துக்கொண்டு வந்தார். 5 மைல் என்பது வெறும் 8 கிலோமீற்றர். இந்த வயதில் இப்படியென்றால் இன்னும் 20 வருடம் போனால் என் கதி என்ன என்று லிடியார்ட் யோசித்தார். அந்த யோசனைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

தன் உடம்பே பரிசோதனைக்கூடம்

அவர் ஓடத் தொடங்கினார். கிடைத்த புத்தகங்களைப் படித்துப் பார்த்தார். அதில் சொல்லியிருந்தவை அவருக்குத் திருப்தி தரவில்லை. சரி, நானே பார்க்கிறேன் என்று முடிவெடுத்தார். ஏறக்குறைய 10 வருடம் தன் உடம்பையே பரிசோதனைக்கூடம் ஆக்கினார். குறைவாக ஓடிப் பார்த்தார். கூட ஓடிப் பார்த்தார். சில கிழமைகளில் 250 மைல், அதாவது 400 கிலோமீற்றர் வரை ஓடினார். அது உடம்பை முறித்துவிடும் என்று கண்டு குறைத்தார். மெதுவாக ஓடினால் என்ன நடக்கிறது, வேகமாக ஓடினால் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றையும் கவனித்தார். இதெல்லாம் தொழிற்சாலை வேலைக்கும் பால் வேலைக்கும் இடையில்.

கடைசியில் அவர் கண்ட கணக்கு இது: கிழமைக்கு 100 மைல், 160 கிலோமீற்றர். அதுவும் மூச்சுத் திணறுகிற வேகத்தில் அல்ல. பக்கத்தில் ஓடுகிறவரோடு கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகம். ஆனால் சோம்பேறி வேகமும் அல்ல. ஓடி முடித்தபின் உடம்பு இனிமையாகக் களைத்திருக்க வேண்டும், செத்துப்போய்க் கிடக்கக்கூடாது.

இதனால் அவருக்கே பலன் கிடைத்தது. 1950 இல் ஒக்லண்டில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓடினார். 1953 இலும் 1955 இலும் நியூசிலாந்தின் மரதன் சம்பியன் ஆனார். இரண்டாவது தரம் வென்றபோது அவருக்கு வயது 37 அல்லது 38. மற்றவர்கள் ஓட்டத்தை விட்டுவிடுகிற வயது அது.

இதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் கவனித்தார். மரதனுக்காக நீண்ட தூரம் ஓடி வந்தபின் குறுகிய தூரங்களிலும் தான் முன்னரைவிடக் கெட்டித்தனமாக ஓடுவதைக் கண்டார். நீண்ட தூரம் ஓடினால் வேகம் செத்துப்போகும் என்றுதான் அக்காலத்தில் எல்லாரும் சொன்னார்கள். தன் உடம்பு வேறு கதை சொல்கிறதே என்று அவர் யோசிக்கத் தொடங்கினார்.

அக்கம்பக்கத்துப் பெடியள்

லிடியார்ட் பெரிய பயிற்சிக் கல்லூரி ஒன்றும் திறக்கவில்லை. ஒவைராக்கா என்பது ஒக்லண்டில் அவர் இருந்த பகுதி. அங்குள்ள கழகத்தில் ஓடிய பெடியள் சிலர் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். மறே ஹால்பேர்க், பரி மகீ, பில் பெய்லி போன்றவர்கள். இதில் ஹால்பேர்க்கின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1950 இல், 17 வயதில், றக்பி விளையாடும்போது அவருடைய இடது தோள் நொருங்கியது. அந்தக் கை சூம்பிப் போய்விட்டது. சாப்பிடவும் உடுப்புப் போடவும் திரும்பப் பழக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒருவரைத்தான் உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவர் ஆக்கலாம் என்று லிடியார்ட் சொன்னார்.

பிறகு வந்தவர் பீற்றர் ஸ்னெல். 1938 இல் பிறந்தவர். பள்ளிக்கூட நாளில் ரென்னிசும் நன்றாக விளையாடியவர். நல்ல உடல்வாகு. ஆனால் 200 மீற்றர் ஓட விட்டால் பெரிய வேகக்காரன் என்று சொல்ல முடியாது. 800 மீற்றர்தான் அவருடைய தூரம். இரண்டு சுற்று ஓடுகிறவனை லிடியார்ட் மரதன் ஓட்டக்காரரோடு சேர்த்து மலையில் ஓட விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிடியார்ட்டின் வீட்டடியில் இருந்து எல்லாரும் புறப்படுவார்கள். ஒக்லண்டுக்கு மேற்கே வைட்டாக்கெரே மலைத்தொடர் இருக்கிறது. வைஅட்டாருவா என்ற இடத்துக்கு ஏறி, சுற்றித் திரும்பி வருவதற்கு 22 மைல், 35 கிலோமீற்றர். நெளிந்து நெளிந்து போகிற ஏற்றமும் இறக்கமும். மாரி மழை வேறு. 800 மீற்றர் ஓடுகிற ஸ்னெலும் அதே 22 மைலை ஓட வேண்டும். முதல் தடவை அந்தப் பாதை ஸ்னெலை ஒரு கை பார்த்துவிட்டது. ஆனாலும் அவர் அடுத்த கிழமையும் வந்தார்.

மற்றப் பயிற்சியாளர்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் எமில் சடோபெக் போன்ற பெரிய வீரர்களைப் பார்த்து எல்லாரும் ஓடுபாதையில் 400 மீற்றரைத் திரும்பத் திரும்ப ஓடுவதையே பயிற்சி என்று நினைத்திருந்தார்கள். வருடம் முழுக்க அதைத்தான் செய்தார்கள். இரண்டு சுற்று ஓடுகிறவனை மலையில் 22 மைல் ஓட விடுவது அவர்களுக்கு விசர் வேலையாகத் தெரிந்தது.

அத்திவாரம், சுவர், கூரை

லிடியார்ட்டின் முறையை விளங்கிக்கொள்வது கடினம் இல்லை. வருடத்தை அவர் பகுதி பகுதியாகப் பிரித்தார்.

போட்டிக் காலம் முடிந்து அடுத்த போட்டிக் காலம் வருவதற்கு இடையில் நீண்ட வெறுங்காலம் இருக்கிறது அல்லவா, அதில் முதல் 12 கிழமையளவு வெறும் நீண்ட தூர ஓட்டம். கிழமைக்கு 100 மைல் என்பது இந்தக் காலத்துக்குத்தான். இந்த ஓட்டத்தால் இதயம் பெருத்துப் பலமாகும். ஒவ்வொரு துடிப்பிலும் கூட இரத்தத்தை அனுப்பும். தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும். ஒட்சிசன் தசைகளுக்குத் தாராளமாகப் போய்ச் சேரும். இதெல்லாம் இரண்டு மூன்று நாளில் நடக்கிற காரியம் அல்ல. மாதக்கணக்கு வேண்டும். ஒருக்கால் கட்டிவிட்டால் சட்டென்று இடியவும் மாட்டாது.

அடுத்து 4 கிழமையளவு மலை ஏற்றம். சாய்வான இடத்தில் முழங்காலை உயர்த்தித் துள்ளித் துள்ளி ஏறுவது. கால்களுக்குப் பலமும் துள்ளலும் இதில் வரும். பாரம் தூக்குகிற மண்டபமும் இயந்திரமும் இல்லாதவனுக்கு மலைதான் இயந்திரம்.

அதற்குப் பிறகுதான் ஓடுபாதையில் வேகப் பயிற்சி. அதுவும் 4 கிழமையளவு. மூச்சுத் திணற ஓடும்போது ஒட்சிசன் காணாமல் தசைகளில் அமிலம் சேரும். அதைத் தாங்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சி. இதில் பலன் கெதியாகத் தெரியும். ஆனால் இதையே மாதக்கணக்காகச் செய்தால் உடம்பு உள்ளுக்குள் களைத்துப் போய்விடும். வருடம் முழுக்க 400 மீற்றரைத் திரும்பத் திரும்ப ஓடியவர்கள் பெரிய போட்டி வரும்போது வாடிப்போனதற்குக் காரணம் இதுதான் என்று லிடியார்ட் சொன்னார்.

கடைசியில் போட்டி வேகத்துக்குப் பழகி, போட்டிக்கு முன்னர் ஏறக்குறைய 10 நாள் பயிற்சியைக் குறைத்து உடம்பை ஆற விடுவது. எந்த நாளில் வெல்ல வேண்டுமோ அந்த நாளில் இருந்து பின்பக்கமாக எண்ணி இவ்வளவு திட்டத்தையும் போடுவார்.

வீடு கட்டின ஆக்களுக்கு இது விளங்கும். அத்திவாரம் முதல், சுவர் பிறகு, கூரை கடைசி. கூரை மட்டும்தான் தூரத்தில் இருந்து தெரியும் என்பதற்காக ஒருவரும் அதை முதல் போடுவதில்லை. தோட்டம் செய்தவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். மண்ணைக் கொத்தி, பசளை போட்டு, மண் ஆறின பிறகுதான் நடுகை. அவசரப்பட்டு நட்டால் பயிர் முளைக்கும், விளையாது.

சகிப்பு என்பது பிறவியில் வருவது அல்ல, வளர்க்கக்கூடியது என்பது லிடியார்ட்டின் உறுதியான எண்ணம். ஒரு சுற்றை வேகமாக ஓடக்கூடியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அந்த வேகத்தைக் கடைசிவரை வைத்திருக்கத்தான் அவர்களால் முடிவதில்லை, அதை நான் பழக்கித் தருவேன் என்பது அவருடைய வாதம். எந்தச் சுற்றாடலிலும் சம்பியன்கள் இருக்கிறார்கள், கண்டுபிடிக்கிறவன்தான் இல்லை என்றும் அவர் சொல்லுவார்.

றோம், 1960

1960 ஆவணி கடைசியில் றோம் ஒலிம்பிக் தொடங்கியது. நியூசிலாந்து பூமியின் தென்பாதியில் இருக்கிறது. இங்கே கோடை என்றால் அங்கே மாரி. ஆகவே லிடியார்ட்டின் பெடியள் தங்கள் நாட்டு மாரிக் குளிரில் தயாராகித்தான் றோமின் வெயிலுக்கு வந்தார்கள். லிடியார்ட் உத்தியோகபூர்வமான பயிற்சியாளராகப் போகவில்லை. ஆதரவாளர்கள் காசு சேர்த்துத்தான் அவரை அனுப்பினார்கள்.

ஸ்னெலுக்கு அப்போது 21 வயது. உலகத்தில் அவரை அறிந்தவர்கள் குறைவு. 800 மீற்றரில் உலக சாதனையை வைத்திருந்தவர் பெல்ஜியத்தின் றோஜர் மோன்ஸ். அவர்தான் வெல்லுவார் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் இறுதிப் போட்டிக்கு வருவதற்கு முன்னர் 3 ஓட்டம் ஓட வேண்டியிருந்தது. 3 நாளில் மொத்தம் 4 ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்தோடும் மற்றவர்களின் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துக்கொண்டு வந்தன. மலையில் 22 மைல் ஓடியவனுக்கு நாலாவது ஓட்டத்திலும் கால் புதிதாகவே இருந்தது.

புரட்டாதி 2 ஆம் திகதி இறுதிப் போட்டி. கடைசி நேர்ப்பாதையில் மோன்ஸ் முன்னுக்கு வந்தார். வென்றுவிட்டேன் என்ற நினைப்பில் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ஸ்னெலோ இடப்பக்கத்தால், உட்பாதையால் வந்து அவரைத் தாண்டினார். நேரம் 1 நிமிடம் 46.3 செக்கன், ஒலிம்பிக் சாதனை.

ஒரு மணித்தியாலம்கூடப் போகவில்லை. 5000 மீற்றர் இறுதிப் போட்டி. சூம்பிய இடது கையோடு ஹால்பேர்க் நின்றார். முடிவுக்கு 3 சுற்று இருக்கும்போது, ஒருவரும் எதிர்பாராத நேரத்தில், திடீரென்று வேகத்தைக் கூட்டித் தனியாகப் பறந்தார். மற்றவர்கள் விளங்கிக்கொள்வதற்குள் இடைவெளி பெருத்துவிட்டது. கடைசிச் சுற்றில் அவர் களைத்துத் தள்ளாடினார், ஆனால் ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. கோட்டைக் கடந்ததும் புல்லில் விழுந்து கிடந்தார். தங்கம்.

8 நாள் கழித்து மரதன். எதியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்ற அந்தப் புகழ்பெற்ற இரவு. அதில் மூன்றாவதாக வந்தவர் பரி மகீ. ஆக, ஒரே சப்பாத்துத் தொழிலாளியின் மூன்று மாணவர்களுக்கு மூன்று பதக்கம். 800 மீற்றர் ஓடுகிறவன், 5000 மீற்றர் ஓடுகிறவன், மரதன் ஓடுகிறவன் மூவரும் ஒரே மலையில், ஒரே அத்திவாரத்தில் நின்றவர்கள். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மரதன் ஓடிய பிறகு உலக சாதனை

இதுவும் தற்செயல் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அதற்கும் பதில் வந்தது. 1961 கடைசியில் ஸ்னெல் முழு மரதன் ஒன்றை ஓடி முடித்தார். அதற்குப் பிறகு, 1962 தை 27 ஆம் திகதி, வங்கனுய் என்ற சிறிய நகரத்தில், புல் ஓடுபாதையில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 செக்கனில் ஓடினார். உலக சாதனை. அடுத்த கிழமை கிறைஸ்ட்சேர்ச் நகரத்தில், அதுவும் புல்லில், 800 மீற்றரை 1 நிமிடம் 44.3 செக்கனில் ஓடினார். அதுவும் உலக சாதனை. அந்த 1:44.3 நியூசிலாந்தின் தேசிய சாதனையாக 60 வருடத்துக்கு மேல் நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1964 ரோக்கியோ ஒலிம்பிக்கிற்கும் அதே மாதிரித்தான் தயார் ஆனார். முதலில் கிழமைக்கு 100 மைல், பிறகு மலை, பிறகு ஓடுபாதை. ஸ்னெல் 800 மீற்றரிலும் 1500 மீற்றரிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இந்த இரண்டையும் வென்ற ஆண் ஓட்டக்காரர் 1920 க்குப் பிறகு அவர்தான். அவருக்குப் பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை எந்த ஆணும் அதைச் செய்யவில்லை.

ஓட்டத்தை விட்டபின் ஸ்னெல் அமெரிக்கா போய் உடற்பயிற்சி விஞ்ஞானம் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். தன் குரு படிக்காமல் கண்டுபிடித்த விசயங்களுக்கான காரணங்களை ஆய்வுகூடத்தில் இருந்து தேடினார். ஹால்பேர்க் அங்கவீனமான பிள்ளைகள் விளையாட்டில் ஈடுபடுவதற்கு உதவும் அமைப்பொன்றை 1963 இல் தொடங்கினார். நல்ல குருவிடம் பழகினவர்கள் பதக்கத்தோடு நின்றுவிடவில்லை.

நெஞ்சு நோய்க்காரரும் பின்லாந்தும்

வாரப்பாடில்லாமல் நேரே கதைக்கிற மனிதர் லிடியார்ட். அதனால் சொந்த நாட்டு விளையாட்டு அதிகாரிகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அவருடைய அறிவை அவர்கள் ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர்களைப் படுக்கையில் கிடக்கத்தான் வைத்தியர்கள் சொன்னார்கள். லிடியார்ட் 1960 களின் தொடக்கத்தில் ஒக்லண்டில் அப்படிப்பட்டவர்களைச் சேர்த்து மெதுவாக ஓடப் பழக்கினார். முதலில் ஒரு மின்கம்பத்தில் இருந்து அடுத்த மின்கம்பம் வரை என்கிற மாதிரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. சாகப் போகிறோம் என்று பயந்திருந்த ஆக்கள் மைல் கணக்காக ஓடினார்கள்.

1962 கடைசியில் அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்துக்கு வந்தார். லிடியார்ட் அவரையும் ஓடக் கூட்டிக்கொண்டு போனார். பவர்மனுக்கு 50 வயது கடந்திருந்தது. தன்னிலும் வயது கூடிய, நெஞ்சு வருத்தம் வந்த ஒருவரோடுகூட ஈடுகொடுக்க முடியாமல் அவர் திணறினார். ஊர் திரும்பியதும் மெது ஓட்டத்தை அமெரிக்கருக்குப் பழக்கினார், அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். இவர்தான் பின்னர் நைக்கி சப்பாத்துக் கொம்பனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். எங்கள் பூங்காக்களில் இன்று ஓடுகிறவர்கள் எல்லாருடைய பின்னாலும் அந்த ஒக்லண்ட் நெஞ்சு நோய்க்காரர்கள் இருக்கிறார்கள்.

1967 இல் பின்லாந்து அவரை அழைத்தது. ஒரு காலத்தில் பாவோ நூர்மி போன்ற மாவீரர்களைத் தந்த நாடு அது. பிறகு சோர்ந்து போயிருந்தது. லிடியார்ட் அங்குள்ள பயிற்சியாளர்களுக்குத் தன் முறையைச் சொல்லிக் கொடுத்தார். அதை அவர்கள் தங்கள் காட்டுப் பாதைகளுக்கும் பனிக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் லாஸே விரேன் 5000 மீற்றரிலும் 10000 மீற்றரிலும் தங்கம் வென்றார். 10000 மீற்றரில் இடையில் விழுந்து எழும்பியும் உலக சாதனையோடு வென்றார். பெக்கா வஸாலா 1500 மீற்றரில் தங்கம். பின்லாந்து லிடியார்ட்டுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. சொந்த நாடும் 1990 இல் தன் அதி உயர் கௌரவமான நியூசிலாந்து விருதை அவருக்கு வழங்கியது.

கடைசிவரை அவர் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2004 மார்கழி 11 ஆம் திகதி, 87 வயதில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விரிவுரைப் பயணத்தில் இருந்தபோது காலமானார். வேலைக்கு நடுவிலேயே போய்ச் சேர்ந்த மனிதர்.

எங்கட பிள்ளையளுக்கு

ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் பொங்கலுக்குப் பிறகுதான் மைதானத்தில் இறங்குவோம். மூன்று கிழமை ஓடுவோம். போட்டி அன்று தொடை பிடித்துக்கொண்டு நொண்டுவோம். அடுத்த தைமாதம்வரை சப்பாத்தைத் தொடமாட்டோம். இங்கே வந்தும் அதே பழக்கம்தான் தொடர்கிறது. ஆனி மாதம் சங்கத்தின் விளையாட்டுப் போட்டி என்றால் வைகாசி கடைசியில்தான் பிள்ளையளைப் பார்க்கில் காணலாம். மாரி முழுக்க பிள்ளை ரீவிக்கு முன்னால். போட்டியன்று பிள்ளை நாலாவதாக வந்தால் தாய் தகப்பனுக்கு முகம் கறுத்துவிடும். உனக்கு ஓட்டம் சரிவராது, படிக்கிற வேலையைப் பார் என்று சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்லி நிற்பாட்டின எத்தனை பிள்ளையள் எங்களுக்குள் இருக்கினம்! அந்தப் பிள்ளைக்குத் திறமை இல்லாமல் இல்லை, மாரி இல்லை. அவ்வளவுதான்.

இதை வாசித்துவிட்டு ஒருத்தரும் 12 வயதுப் பிள்ளையைக் கிழமைக்கு 100 மைல் ஓட விட வேண்டாம். அது வளர்ந்த, வருடக்கணக்காகப் பழகின ஆக்களுக்கான கணக்கு. பிள்ளையள் ஓடுவது சந்தோசத்துக்காக இருக்க வேண்டும், மூச்சுத் திணற வைக்கிற பயிற்சி சின்ன வயதில் கூடாது என்பதுதான் லிடியார்ட்டின் எண்ணமும். ஐப்பசியில் தொடங்கிக் கிழமைக்கு மூன்று நாள், கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில், அரை மணித்தியாலம். குளிருக்குத் தொப்பியும் கையுறையும் போதும். தகப்பனும் கூட ஓடலாம், அவருக்கும் நல்லது. பங்குனி வரும்போது கொஞ்சம் ஏற்றமான இடத்தில் ஓட்டம். சித்திரைக்குப் பிறகு வேகம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நல்ல சப்பாத்து ஒரு சோடி, பொறுமை ஒரு மாரி.

இந்தக் கதையில் ஓட்டத்துக்கு அப்பாலும் ஒரு விசயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. முகாமில் முடிவுக்காகக் காத்திருந்த வருடங்களை வீணாய்ப் போன காலம் என்றுதான் நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். ஒருத்தரும் எங்களைப் பார்க்காத காலம் அது. ஆனால் அந்தக் காலத்தில் தட்டுத்தடுமாறிப் பழகின மொழிதான் இன்று பலருக்குச் சோறு போடுகிறது. அப்போது இரண்டு பேர் மூன்று பேராகத் தொடங்கின தமிழ் வகுப்பில்தான் இன்று பிள்ளையள் அகரம் எழுதுகினம். அந்த வருடங்களின் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குள்ளும் ஏதோ ஒன்று கட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். இன்னும் முடிவு வராமல் காத்திருக்கிற தம்பி தங்கைகளும் இந்த மலரை வாசிப்பார்கள். உங்கட மாரி இன்னும் முடியவில்லை. அந்த மாரியிலும் ஏதாவது ஒன்றைப் பழகுங்கள்.

பனி கரைந்து சித்திரை பிறந்திருக்கிறது. இந்த வருடம் போட்டிக்குப் பிந்திவிட்டது என்று நினைக்கிற பிள்ளையளுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த வருடப் போட்டிக்கு நீங்கள்தான் மிகவும் முந்தி வந்திருக்கிறீர்கள். ஐப்பசியில் றோட்டில் சந்திப்போம்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.